பனிக்கன்னியின் தோட்டம்

ஆண்டிஸ் மலைக்குக் கீழே கடலோரத்தில், சிம்போத்தே துறைமுகத்தில் அந்த மாதம் மீன் விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெண்கள் எல்லோரும் பேசியது ஒரே விஷயத்தை. அதையும் யாரும் பெயர் சொல்லிப் பேசவில்லை.

"போனியா?"

"போனேன்டி."

"என்ன வந்துச்சு?"

"மொதல்ல பச்சை. அப்புறம் சிவப்பு!"

"கொடுத்து வச்சவ!"

அவ்வளவுதான் உரையாடல். எங்கே போனாள், எது பச்சையாக வந்தது, எதற்காகச் சிவந்தது, மூச்சு விட மாட்டார்கள். காய்கறிக் கடையில் இதே பேச்சு. வங்கி வரிசையில் இதே பேச்சு. கோயிலில் பாதிரியார் கண்ணை மூடி ஜெபிக்கிற நேரத்திலும், முக்காட்டுக்குள் இதே பேச்சு.

விடை பழைய சினிமாக் கொட்டகை வாசலில் தொங்கியது. பல வருடமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகை. இப்போது வாசலில் துணி விளம்பரம்:

'அந்தரங்கத் தோட்ட மாற்று சிகிச்சை! ஐரோப்பிய விஞ்ஞானம், ஆண்டிஸ் மலை அருள்! ஆசான் ஒதிலோன் நேரில்!'

பக்கத்தில் ஒரு வெள்ளை உடைப் பெண்ணின் படம். பின்னால் பனிச் சிகரம். இவள்தான் பனிக்கன்னி. சிகரத்தில் வாழ்கிறாள். ஆணைத் தொட்டதில்லை, மிளகாயைத் தொட்டதில்லை, பேருந்தில் ஏறியதில்லை. மூன்றாவது தகுதி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். பெண்ணின் பிறப்புறுப்பில் நல்ல கிருமிகள் ஒரு கூட்டம் குடியிருக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கிற கிருமிகளின் சொந்தக்காரர்கள். அந்தப் புளிப்புதான் காவல். ஏதோ காரணத்தால் அவை குறைந்து கெட்ட கிருமிகள் பெருகினால் வெள்ளைப்படுதல், எரிச்சல், மீன் கவிச்சி போல ஒரு வாடை. மாத்திரை சாப்பிட்டால் போகும். சிலருக்குப் போன வேகத்தில் திரும்பி வரும். மறுபடி மாத்திரை, மறுபடி போகும், மறுபடி வரும். தடுமம் மாதிரி இது ஒரு சாதாரண உடல் தொல்லை. ஆனால் தடுமம் பிடித்தவளைப் பார்த்து யாரும் "எவன்கிட்ட வாங்கின?" என்று கேட்பதில்லை. இவளைக் கேட்பார்கள்.

அதிலும் சிம்போத்தேயின் கூத்து தனி. ஊர் முழுக்க மீன்மாவு ஆலைகள். புகைபோக்கிகள் நெத்திலியை வேகவைத்து வானத்தில் ஊதும். மாதாகோயில் மெழுகுவர்த்தியில்கூட மீன் வாடை. இந்த ஊரில், நாள் முழுக்க நெத்திலிக் குவியலில் இடுப்பளவு நின்றுவிட்டு வருகிற ஆண்பிள்ளை, வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு மனைவியைப் பார்த்து மூக்கைப் பிடிப்பான்.

எதெல்மிராவின் கணவன் வென்செஸ்லாவோ அப்படிப் பிடித்தவன்தான்.

எதெல்மிரா படகுத்துறைக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். வயிற்றில் ஐந்து மாதம். இது இரண்டாவது. முதலாவது ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கியது. ஒரு பகல் மட்டும் மூச்சு விட்டது. தொற்று இருந்தது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். 'இருக்கலாம்' என்பது டாக்டரின் சொல். எதெல்மிராவின் மனதில் அது 'உன்னால்தான்' என்று பதிந்து போயிற்று.

இப்போது தொற்று மறுபடி வந்திருக்கிறது. வென்செஸ்லாவோவின் அக்கா நெலிதா, அரசு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறவள். சோதித்துப் பார்த்து மாத்திரை கொடுத்தாள். "இந்தத் தடவை விடாம முழுசாச் சாப்பிடு" என்றாள்.

எதெல்மிரா சாப்பிட்டிருப்பாள். பக்கத்துக் கடை சொராய்தா வராமல் இருந்திருந்தால்.

"மாத்திரையா? எத்தனை தடவைடி அதையே முழுங்குவ? போன தடவையும் அதைத்தானே முழுங்கின? என்ன ஆச்சு?"

அது சரியான இடத்தில் குத்தியது. மறுநாளே இருவரும் கொட்டகையில் இருந்தார்கள்.

உள்ளே இருட்டு, ஊதுவத்திப் புகை, வாசனைத் தண்ணீர். இருக்கைகளில் பெண்கள், பெண்கள், பெண்கள். பாதிப்பேர் சால்வையால் முகத்தை மூடியிருந்தார்கள். சிலர் கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் இருப்பது சொந்தத் தங்கை என்று தெரிந்தும் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை.

மேடையில் ஆசான் ஒதிலோன். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஒரு பக்கம் டாக்டர் குழாய், மறுபக்கம் சிலுவை. நோயும் பேயும் எந்தப் பக்கம் வந்தாலும் பிடித்துவிடலாம்.

"தாய்மார்களே! நான் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டேன். அது பாவம். எனக்கு முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். ஆத்மாவின் கண் இருக்கிறது. அது பார்க்கும்!"

ஆத்மாவின் கண் என்பது ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் ஊதா நிறத் தண்ணீர். பனிமலை உச்சியில் பூக்கும் அபூர்வ மலரின் சாறாம்.

முறை இப்படி. மேடை ஓரத்தில் ஒரு திரை. பெண் திரைக்குப் பின்னால் போவாள். ஆசானின் உதவியாளர் சகோதரி தொமித்திலா, திரையின் இடைவெளி வழியாக ஒரு பஞ்சுக் குச்சியைக் கொடுப்பாள். அதைத் தொட வேண்டிய இடத்தில் தொட்டு, அந்த இடைவெளி வழியாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆசான் குச்சியைக் கிண்ணத்தில் விட்டுக் கலக்குவார். ஊதா மெல்ல நீலமாகும். நீலம் பச்சையாகும். கூட்டம் "மாதாவே!" என்று அலறும். அழுகிப்போன தோட்டம்! அடுத்து, பனிக்கன்னியின் தோட்டத்திலிருந்து எடுத்த சாற்றுக் குப்பியைத் திறந்து சில சொட்டு விடுவார். பச்சை மறைந்து ரோஜாச் சிவப்பு பொங்கும். கூட்டம் கைதட்டும். பூத்துவிட்டது தோட்டம்!

எதெல்மிராவின் குச்சி பட்ட தண்ணீர் மற்றவர்களுடையதைவிடக் கரும்பச்சையாக மாறியது போல, திரை இடைவெளி வழியாகப் பார்த்த அவளுக்குத் தோன்றியது. ஆசான் கிண்ணத்தை உயர்த்தி நடுங்கினார்.

"இந்தத் தோட்டத்தில்... ஏற்கெனவே ஒரு பூ கருகியிருக்கிறதே தாயே!"

திரைக்குப் பின்னால் எதெல்மிரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எப்படித் தெரிந்தது? ஆத்மாவின் கண்தானே!

சொராய்தாவின் வாய்தான். அனுமதிச் சீட்டு வாங்கும்போது தொமித்திலாவிடம் பத்து நிமிடம் பேசியிருந்தாள். சொராய்தாவிடம் சொன்ன ரகசியத்துக்கு ஆத்மாவின் கண் எதற்கு, சாதாரணக் காது போதும்.

"வர்ற ஞாயிற்றுக்கிழமை உனக்கு மாற்று சிகிச்சை" என்றார் ஆசான். "பனிக்கன்னியின் விதைகளை உனக்குள் நடுவோம். அதுவரை மாத்திரை தொடாதே. மாத்திரை களைக்கொல்லி! விதை செத்தால் குழந்தையும்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. பனிக்கன்னியின் சாறு நிரப்பிய ஒரு சிறு குப்பியைக் கொடுத்து, ஞாயிறு வரை மாதா படத்தடியில் வைத்துக் கும்பிடச் சொன்னார். அதற்குத் தனிக் காணிக்கை.

* * *

இரண்டு நாள் கழித்து மதிய வியாபாரம் முடிந்த நேரத்தில் நெலிதா வந்தாள். வந்தவள் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையைப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"என்னடி இது?"

"களைக்கொல்லிக்கா அது."

"எது?"

எதெல்மிரா சொன்னாள். கிண்ணம், பச்சை, சிவப்பு, பனிக்கன்னி, குப்பி, ஞாயிற்றுக்கிழமை. சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. கேட்கக் கேட்க நெலிதாவின் முகம் கறுத்தது. மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வென்செஸ்லாவோ, இது பெண்கள் விவகாரம் என்று தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"அக்கா, இது மூடநம்பிக்கை இல்லக்கா. விஞ்ஞானம். ஐரோப்பாவுல செய்றாங்களாம். சொராய்தா போன்ல காட்டினா."

"செய்றாங்கதான். யார் இல்லைன்னா?"

எதெல்மிராவுக்கே ஆச்சரியம். "அப்போ உண்மையா?"

"அடியேய், கேளு. பெரிய ஆஸ்பத்திரிகள்ல, திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு, ஆரோக்கியமான பொம்பளைகிட்டேருந்து எடுத்து வச்சுப் பாக்குறாங்க. இன்னும் சோதனையாத்தான் இருக்கு. கொஞ்சப் பேருக்குத்தான் செஞ்சிருக்காங்க. எல்லாருக்கும் பலிக்கும்னு அவங்களே சொல்லல. அந்தக் கொடுக்குற பொம்பளையை என்ன பாடு படுத்துறாங்க தெரியுமா? ரத்தம், சிறுநீர், எய்ட்ஸ் இருக்கா, மஞ்சள்காமாலை இருக்கா, மேகநோய் இருக்கான்னு திரும்பத் திரும்பப் பாக்குறாங்க. ஒண்ணு தப்பினாலும் வாங்குறவளுக்கு ஒட்டிக்கும். உன் பனிக்கன்னிக்கு ரத்தம் பாத்தாங்களா?"

"அவ கன்னிக்கா! அவளுக்கு எதுக்கு?"

"இந்தக் குப்பிக்குள்ள நிஜமாவே ஒருத்தியோடது இருந்தா, அது யாரோட நோயோ. இல்லைன்னா ஏமாத்து. விஷமா, வெறும் தண்ணியா? ரெண்டுல எதை உள்ள ஊத்திக்கப் போற? வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு?"

எதெல்மிரா மாதா படத்தடியிலிருந்து குப்பியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பைப் பார்த்த நெலிதாவுக்கு இனி வாதம் பயன்படாது என்று புரிந்தது. தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா!"

வலை இழுத்து இழுத்து வென்செஸ்லாவோவின் விரல்களெல்லாம் வெட்டும் வெடிப்பும். நெலிதா எதெல்மிராவின் கையிலிருந்து குப்பியைப் பறித்து, மூடியைத் திருகி, அவன் ஆள்காட்டி விரல் வெடிப்பில் இரண்டு சொட்டு விட்டாள்.

"அய்யோ! அம்மாடி! அடப் பாவி அக்கா!" தட்டு ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம், வென்செஸ்லாவோ ஒரு பக்கம். "என்னா எரிச்சல்! எலுமிச்சைடி இது!"

"பனிக்கன்னிடா அது" என்றாள் நெலிதா. "விரல்ல ரெண்டு சொட்டுக்கே துள்ளுற. இதை உன் பொண்டாட்டிக்கு எங்க ஊத்தப் போறான்னு யோசி."

வென்செஸ்லாவோ யோசித்தான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த விஷயத்தை மூக்கால் யோசிக்காமல் தலையால் யோசித்தான். முகம் மாறியது.

"எதெல், நீ போகக் கூடாது."

"யோவ், உனக்கு எரிஞ்சா அது எலுமிச்சையா? உன் கையில இருக்குற பாவம்யா! எரியும்னு ஆசானே சொல்லியிருக்காரு. பழைய பாவம் வெளியேறும்போது எரியுமாம்."

பாருங்கள் பித்தலாட்டத்தின் நேர்த்தியை. எரிந்தால் பாவம் போகிறது. எரியாவிட்டால் பாவம் போய்விட்டது.

"நாத்தம் நாத்தம்னு என்னைத் திண்ணையில படுக்கச் சொன்னது நீதானே?" எதெல்மிரா அவன் பக்கம் திரும்பினாள். "இப்ப நான் சுத்தமாகிட்டு வரேன்னா தடுக்குற. இந்தப் புள்ளையும் போச்சுன்னா யாருய்யா பதில் சொல்றது? நீயா? உங்க அக்காவா?"

குப்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்படியில் அக்காவும் தம்பியும் ஏதோ குசுகுசுவென்று பேசியது அவள் காதில் விழுந்தது. கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்ததால் என்ன என்று விளங்கவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகை பிதுங்கியது.

மேடையில் இன்று கூடுதலாக ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, சுற்றிலும் திரை. மாற்று சிகிச்சைக் கட்டில். எதெல்மிரா குப்பியை மடியில் வைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சொராய்தா, தானே பிரசவிக்கப் போகிறவள் மாதிரி பரபரத்தாள்.

"அங்க பாருடி, உன் நாத்தனா!"

எதெல்மிரா திரும்பிப் பார்த்தாள். நெலிதா! இரண்டு வரிசை தள்ளி, முகத்தை மூடாமல், காலை நீட்டி, சினிமா பார்க்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆசான் உரையைத் தொடங்கினார். ஐரோப்பா, அணு, அருள், ஆண்டிஸ். நெலிதா எழுந்தாள்.

"ஆசானே, ஒரு சந்தேகம். பனிக்கன்னியோட ரத்தத்தைப் பரிசோதிச்சீங்களா?"

ஆசான் புன்னகைத்தார். இந்த மாதிரிக் கேள்விகளில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"தாயே, வானதூதரைப் போன்ற ஒரு சம்மனசுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிற தைரியம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை!"

கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. "உக்காருடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அரசாங்கத்துச் சம்பளம் வாங்குறவளுக்கு ஆண்டவனைத் தெரியுமா?" என்று இன்னொன்று. நெலிதா உட்கார்ந்தாள். எதெல்மிரா வெட்கத்தில் தலை குனிந்தாள், நாத்தனாருக்காக.

சிகிச்சைக்கு முன்னால் புதிதாக வந்தவர்களுக்குச் சோதனை. இரண்டு பேர் முடிந்தது. இரண்டும் பச்சை. மூன்றாவதாக, பக்கவாட்டு வாசல் வழியாக ஒரு நெட்டையான அம்மாள் நுழைந்தாள். தலை முதல் முழங்கால் வரை கறுப்புச் சால்வை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கீழே ரப்பர் பூட்ஸ். பாவம், கால் வீங்கியிருக்கும் போல என்று நினைத்தாள் எதெல்மிரா. வேறு யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. அங்கே முகத்தை மூடி வருவதுதான் வழக்கம். அடுத்தவள் முகத்தைப் பார்க்காததுதான் மரியாதை. நெத்திலி வாடை அடித்தது. அந்த ஊரில் அந்த வாடை யாரையும் காட்டிக்கொடுக்காது.

நெட்டையம்மாள் திரைக்குப் பின்னால் போனாள். தொமித்திலாவின் கை இடைவெளி வழியாகக் குச்சியை நீட்டியது. சற்று நேரம் கழித்துக் குச்சி திரும்பியது. ஆசான் அதை இரண்டு விரலால் வாங்கி, கண்களை மூடி, கிண்ணத்தில் கலக்கினார்.

ஊதா. நீலம். பச்சை.

"மாதாவே!" என்றது கூட்டம்.

ஆசான் தள்ளாடினார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தாய்மார்களே... இப்படி ஒரு தோட்டத்தை நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்மணிக்குக் கருப்பை இறங்கியிருக்கிறது!"

"அய்யோ பாவம்!"

"மாமியாரின் கண்ணேறு! இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. கணவன் வேறொருத்தி வீட்டுக்குப் போகிறான். இவளும் சும்மா இல்லை. திருமணத்துக்கு முன்னால் இவள் செய்த பாவம்..."

"ஆசானே!" நெலிதா மறுபடி எழுந்தாள். "கருப்பை எந்தப் பக்கமா இறங்கியிருக்கு?"

"இடப்பக்கம்!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஆத்மாவின் கண் பொய் சொல்லாது! இடப்பக்கமேதான்! இந்தத் தாயின் கருப்பை..."

திரை உள்ளிருந்து இழுபட்டது. கம்பியோடு பிய்ந்து விழுந்தது.

சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மீசையை நீவியபடி நின்றான் வென்செஸ்லாவோ.

"இடப்பக்கம் இல்ல ஆசானே" என்றான். "வலது அக்குள். அங்கதான் குச்சியை வச்சுத் தேய்ச்சேன்."

கொட்டகையே வெடித்தது. பெண்கள் சால்வைக்குள் சிரித்தார்கள், பிறகு சால்வையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். "கருப்பைடி! வென்செஸ்லாவோவுக்குக் கருப்பைடி!" "மாமியார் கண்ணேறாம்!" "கல்யாணத்துக்கு முன்னாடி என்னய்யா பாவம் செஞ்ச?"

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். ஆசான் ஒதிலோனை உங்களுக்குத் தெரியாது.

"துரோகம்!" இரண்டு கைகளையும் விரித்து முழங்கினார். "பெண்களின் புனித இடத்தில் ஓர் ஆணின் நிழல்! அந்த நிழல் விழுந்ததால் ஆத்மாவின் கண் குருடாகிவிட்டது! அதனால்தான் பொய்க் காட்சி!"

கூட்டம் அமைதியானது. பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆமாம், தலையாட்டினார்கள்! கண் முன்னால் மீசையோடு ஒரு சாட்சி நிற்கிறான், அவனைப் பார்த்துவிட்டும் தலையாட்டினார்கள். "அதானே, ஆம்பளை உள்ள வந்தா எப்படிப் பலிக்கும்?" என்றாள் சொராய்தா. "ஆசானைச் சோதிக்கிறது பாவம்!"

நெலிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதெல்மிரா மேடையில் இருந்தாள்.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கிண்ணத்தின் முன்னால் நின்றாள். அதே பச்சை. தன் குச்சியால் வந்த அதே கரும்பச்சை. அன்றைக்கு அவளை மூச்சு முட்ட அழவைத்த பச்சை.

"இவன் அக்குளும் என் புள்ளை செத்ததும் ஒரே நிறமாய்யா?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"தாயே, அது..."

"கருகின பூவுன்னு சொன்னியே. என் வயித்துல கருகினது. ஒரு பகல் பூரா இந்தக் கையில மூச்சு விட்டுச்சு. அதுவும் இவன் வேர்வையும் ஒண்ணா? சொல்லுய்யா!"

ஆசான் ஓர் அடி பின்வாங்கினார். எதெல்மிரா அவரைத் தாண்டிப் போனாள். கிண்ணத்தை நிரப்ப வைத்திருந்த கூஜா மேசையடியில் இருந்தது. அபூர்வ மலரின் சாறு. தூக்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். வாசனைத் தண்ணீர் நெடிக்கு அடியில் வேறு ஒரு வாசம், அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசம்.

"குடிக்காதே! செத்துப்போவாய்!" என்று அலறினார் ஆசான்.

மடக்கென்று ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"சிச்சா!"

"என்னது?" என்றது கூட்டம்.

"சிச்சாடி! ஊதாச் சோளத்தை வேகவச்ச தண்ணி! தெனமும் என் கடையில அண்டா அண்டாவாக் காய்ச்சுறேனே, அதேதான்! கிராம்பு போடல, சர்க்கரை போடல, பாவி." கையோடு கொண்டுவந்திருந்த குப்பியைத் திறந்து கூஜாவில் கவிழ்த்தாள். ஊதா, ரோஜாச் சிவப்பாகப் பொங்கியது. "எலுமிச்சை விட்டா செவக்கும்! எந்த வீட்டுல செவக்காது?"

அந்தக் கொட்டகையில் இருந்த ஒவ்வொருத்தியும் தன் சமையலறையில் சோளத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து அந்த நிறமாற்றத்தைப் பார்த்தவள். சாப்பாட்டு மேசையில் நடந்தால் அதற்குப் பெயர் பானம். அதையே வெள்ளைக் கோட்டு போட்டவன் மேடையில் செய்து காட்டினால் அற்புதம், வரிசை, காணிக்கை.

"அப்ப அந்தப் பச்சை?" என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்வியில் முதன்முறையாகச் சந்தேகம் இருந்தது.

நெலிதா மேடை ஏறி, தொமித்திலாவின் கூடையிலிருந்து யாரும் தொடாத புதுக் குச்சி ஒன்றை எடுத்தாள். மேசையடியில் மிச்சமிருந்த ஒரு சீசாவிலிருந்து சோளத் தண்ணீரை வேறொரு கிண்ணத்தில் ஊற்றி, எல்லோருக்கும் தெரியும்படி குச்சியை முக்கினாள். ஊதா, நீலம், பச்சை.

"இது யாரோட தோட்டம்? இதை ஒருத்தியும் தொடல. சோடா பட்டா சோளத் தண்ணி பச்சையாகும். இது சமையல் சோடாவுல ஊறவச்சுக் காயவச்ச பஞ்சு. யார் தொட்டாலும் பச்சைதான் வரும். அழுகிப் போனது உங்க உடம்பு இல்லடி. இந்தக் குச்சி!"

எல்லாக் கண்களும் தொமித்திலா மேல் திரும்பின. தொமித்திலா ஆசானைப் பார்த்தாள். ஆசான் கழற்றிய வெள்ளைக் கோட்டு தரையில் கிடந்தது. ஆசான் சினிமா எந்திர அறையின் படிக்கட்டில் பாதி ஏறியிருந்தார்.

"என்னை விட்டுட்டா ஓடுற?" என்று கத்தினாள் தொமித்திலா. "ஒரு மாசமா எலுமிச்சை பிழிஞ்சு பிழிஞ்சு கை வெந்து கெடக்குது! வெளம்பரத்துல நிக்குற பனிக்கன்னியே நான்தான்டா!"

இரண்டு தடவை பெற்றெடுத்த பனிக்கன்னி. மலையிலிருந்து பேருந்தில் வந்தவள்.

* * *

ஒதிலோன் எந்திர அறை ஜன்னல் வழியாக மீன் லாரி ஒன்றில் குதித்துத் தப்பிவிட்டார். இப்போது தெற்கே ஏதோ ஊரில் குடலைத் தூய்மைப்படுத்துகிறாராம். அங்கே கிண்ணத்தில் என்ன நிறம் என்று தெரியவில்லை. முந்தைய ஞாயிறுகளில் சிகிச்சை முடித்துக்கொண்டவர்களில் பலர் மறுநாள் புண்ணோடு சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். நெலிதா திட்டவில்லை. திட்டினால் அடுத்த ஒதிலோனிடம் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எதெல்மிரா அன்று மதியமே மாத்திரையைத் தொடங்கினாள். இடையில் ஒரு தடவை தொற்று திரும்பி வந்தது. வந்ததும் மறைக்காமல் போய்ச் சொன்னாள், மறுபடி மருந்து சாப்பிட்டாள். குழந்தை மாதம் நிறைந்து பிறந்தது. பெண். பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தில், வெளியே நின்ற வென்செஸ்லாவோ தொப்பியைக் கீழே போட்டான்.

"பாத்தியாடி" என்றாள் சொராய்தா, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு. "ஆசான் ஓடிப்போனாலும் அவர் அருள் போகல!"

எதெல்மிரா குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அருளா? பன்னெண்டு தடவை நெலிதா அக்காகிட்டப் போனது நானு. மருந்து முழுங்கினது நானு. வலிச்சது எனக்கு. அருள் எந்த வரிசையில நின்னுச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

வாசகர்களே, ஒதிலோன் விற்றது எலுமிச்சைச் சாறு அல்ல. உங்கள் கூச்சத்தைக் குப்பியில் அடைத்து உங்களுக்கே விற்றான். சொந்த உடம்பின் ஓர் உறுப்பைப் பெயர் சொல்லி டாக்டரிடம் பேச நாக்கு கூசுகிற வரை அந்த வியாபாரத்துக்கு நஷ்டமே வராது. முகத்தை மூடுவதற்குச் சால்வை போதும். மூளையையுமா மூட வேண்டும்?